தெற்குத் தெருக் கிணற்றில் விட்ட மீன்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஓய்வுபெற்றவனுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தால் ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதாவது கோப்பு காணாமல் போயிருக்க வேண்டும். இது இரண்டுமில்லை. புதிதாக வந்திருக்கும் சுகாதார ஆய்வாளர் தம்பி வாசல் மேஜையில் அழகுக்கு ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்திருக்கிறாராம். அதில் கப்பி மீன் விட விடச் செத்து மிதக்கிறதாம். அந்தக் காலத்தில் மீன் வேலை பார்த்தவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தெரிந்ததைச் சொன்னேன். கடைக்காரர் ஜோடி ஜோடியாகத்தான் கொடுப்பார், அப்படி வாங்காதீர்கள். கப்பியில் ஆண் ஒன்று என்றால் பெண் மூன்றாவது இருக்க வேண்டும். சரிக்குச் சரி விட்டால் ஆண் துரத்தித் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும். குழாய்த் தண்ணீரைப் பிடித்த கையோடு ஊற்றாதீர்கள், வாளியில் ஒருநாள் கிடக்கட்டும், குளோரின் வாடை போகட்டும். மீன் வந்த பையை அப்படியே தொட்டியில் மிதக்க விடுங்கள், உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு திறந்துவிடுங்கள். கொஞ்சம் வேலம்பாசி போடுங்கள். இது முட்டையிடுகிற மீன் இல்லை, குட்டி போடுகிற மீன். போட்ட குட்டியைத் தாயே தின்றுவிடும், குட்டி ஒளிந்துகொள்ளப் பாசி வேண்டும். சோப்புப் போட்டுத் தொட்டியைக் கழுவாதீர்கள். தீனியை அள்ளிக் கொட்டாதீர்கள். மீன் பட்டினியால் சாவதைவிட நம்முடைய பாசத்தால் சாவதுதான் அதிகம்.

எல்லாம் கேட்டுவிட்டு, "செல்போன்ல வேற மாதிரி போட்டிருக்கே சார்" என்றார் தம்பி. அப்படியானால் செல்போனிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்று வாய்வரை வந்தது. வயதாகிவிட்டது, விட்டுவிட்டேன். கடைசியில், எத்தனை கிணற்றில் மீன் விட்டிருப்பீர்கள் என்று கேட்டார். எண்ணிக்கையெல்லாம் ஞாபகமில்லை, ஒரு கிணறுதான் ஞாபகமிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் தூக்கம் வரவில்லை. அந்தக் கிணற்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பூர்வீகம் தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். பத்தாவது முடித்துக் கொசு ஒழிப்பில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கரண்டியால் தண்ணீரை மொண்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கொசுப்புழு நெளிகிறதா என்று தெரியும். சாக்கடையாக இருந்தால் எண்ணெய், குடிதண்ணீர்க் கிணறாக இருந்தால் மீன். இவ்வளவுதான் பாடம். வேலை என்னவென்று அப்பாவிடம் சொன்னபோது அவர் கட்டுமரத்தில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் சிரித்தார். பாட்டன் பூட்டன் எல்லாரும் தண்ணீரிலிருந்து மீனை எடுத்தார்கள், நம் வீட்டுப் பிள்ளை தண்ணீரில் மீனைப் போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறான் என்று குப்பம் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். அவர் போய்ச் சேரும்வரை எனக்கு அந்தக் கேலியிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.

என்னுடைய இன்ஸ்பெக்டர் சாமுவேல் சார். ஒல்லியான மனிதர், எப்போதும் ஒரு கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டிருப்பார். அதிர்ந்து பேசமாட்டார். மீன் கேனை நான் சைக்கிளில் கட்டினால், கட்டியதை அவிழ்த்து, அடியில் வைக்கோல் பரப்பி, மேலே ஈரச்சாக்கு போட்டு அவரே மறுபடி கட்டுவார். கிணற்றடிக்குப் போனதும் மீனை உடனே விட விடமாட்டார். கேனைக் கிணற்று நிழலில் வைத்து, அந்தக் கிணற்றுத் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கேனுக்குள் ஊற்றச் சொல்வார். ஊற்றிவிட்டு ஒரு வெற்றிலை போடுவார். வெற்றிலையை மென்று முடித்தால்தான் அடுத்த குவளை. நான் அவசரப்பட்டால், "கல்யாணமாகி வந்த பொண்ணு வாசப்படி ஏறுறதுக்கு முன்னாடி செத்த நேரம் நிக்கிறதில்லையா? நிக்கட்டும்" என்பார். பிறகு கேனைக் கயிற்றில் கட்டித் தண்ணீர்மட்டம்வரை இறக்கி, மெல்லச் சாய்த்து மீனைத் தானாகப் போகவிட வேண்டும். மேலேயிருந்து கொட்டினால் கெட்ட கோபம் வந்துவிடும்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. யாராக இருந்தாலும் 'வாங்க, போங்க'தான். மிராசுதாரையும் வாங்க என்பார், மிராசுதார் வயலில் நாற்று நடுகிறவரையும் வாங்க என்பார். இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்றைக்கு நரைத்த தலைக்காரரைக்கூட 'வாடா போடா' என்று கூப்பிடுகிற ஊர்களில், அந்த ஒரு 'ங்க'வுக்காகவே அவர்மேல் மேலதிகாரிகளுக்குப் புகார் போனது. என் வாயிலும் அந்த 'ங்க' அவரால்தான் ஏறியது.

இனி கிணற்றுக்கு வருகிறேன். ஆட்சி மாறிய புதிது. ஊருக்கு ஊர் புதுக் கொடிக்கம்பம், சுவருக்குச் சுவர் புது எழுத்து. வயலில் மட்டும் பழைய கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. குறுவை அறுவடைக்குக் கூலிநெல்லைக் கூட்டிக் கொடு என்று விவசாயத் தொழிலாளர்கள் கேட்க, முடியாது என்று மிராசுதார்கள் சொல்ல, அறுவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். முச்சந்தியில் போலீஸ் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நான் சொல்லும் ஊரிலும் இதே கதைதான். ஊரின் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த ஊரில் உழைக்கும் சனம் இருந்தது தெற்குத் தெரு. தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த சனம். தெருவுக்கென்று ஒரே ஒரு கிணறு, அவர்களே தோண்டியது. அந்த வருஷம் தெருவில் குளிர்காய்ச்சல் கண்டது. போய்ப் பார்த்தோம், கரண்டிக்குக் கரண்டி புழு. சாமுவேல் சார் வழக்கம்போல, அடுத்த முறை வரும்போது மீன் விட்டுவிடலாம் என்றார். ஆனால் பஞ்சாயத்துத் தலைவர் வேறு யாருமில்லை, மிராசுதாரேதான். காய்ச்சல் பரப்புகிற கிணற்றை மண் போட்டுத் தூர்த்துவிடுவது என்று அவர் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டுவிட்டார். எங்கள் அடுத்த சோதனையில் புழு இருந்தால் கிணறு போய்விடும்.

கிணறு போனால் என்ன என்று தோன்றலாம். அதைவிட்டால் தெற்குத் தெருவுக்குக் குடிதண்ணீர் மிராசுதாரின் பம்புசெட்டில்தான். பானையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றால், முதலில் வயலில் இறங்கு, பிறகு தண்ணீர் பிடி என்பார். கூலிப் போராட்டம் அன்றைக்கே முடிந்துவிடும். இது எங்களுக்குத் தெரியும், தெற்குத் தெருவுக்கும் தெரியும். மிராசுதாருக்கு எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும்.

சரி, மீனை விட்டால் தீர்ந்தது என்று பார்த்தால் எங்கள் ஆபீஸில் ஒரு கூத்து நடந்தது. மந்திரி அந்தப் பக்கம் வருகிறார் என்று தகவல். ஆபீஸ் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று மேலே ஒருவருக்கு ஆசை. தின்கிற சோற்றுக்கு விசுவாசமான காவலாளி ஒருவர், பின்புறம் நாங்கள் மீன் வளர்த்த சிமெண்டுத் தொட்டி பாசி பிடித்துக் கிடக்கிறதே என்று பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டித் தேய்த்துவிட்டார். சுத்தமென்றால் அப்படியொரு சுத்தம், ஒரு மீன் மிச்சமில்லை. மந்திரி வேறு வழியாகப் போய்விட்டார். சாமுவேல் சார் செத்த மீன்களைக் கையால் அள்ளிக் குழியில் போட்டு மூடினார். காவலாளியை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் திட்டினேன்.

வேறு ஊரிலிருந்து மீன் வரவழைக்க அவகாசமில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு கண்ணாடித் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது. அது இருந்தது மிராசுதார் வீட்டில்.

மிராசுதாரின் மகன் சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். ஊருக்கு வந்தபோது மனைவிக்காக ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்திருந்தார். கட்டிய கொஞ்ச நாளில் விட்டுப் போகிறோமே என்ற வருத்தமாக இருக்கலாம். போராட்டம் தொடங்குவதற்கு முன்னால், அந்தத் தொட்டியில் கப்பி விட்டுக் கொடுக்கும்படி அவர் ஆபீஸில் கேட்க, நான்தான் போய் விட்டேன். ஆற்று மணலைக் கழுவிப் பரப்பி, வேலம்பாசி நட்டு, தண்ணீரை ஊறவைத்து, ஆணும் பெண்ணும் பார்த்துப் பொறுக்கி விட்டு வந்தேன். மருமகள் பெயர் சிவகாமி. பெரிய வீட்டில் அதிகம் பேச விடமாட்டார்கள் போலிருக்கிறது. பெண்மீனின் அடிவயிற்றில் இருக்கிற கருப்புப் பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்தால் குட்டி போடப்போகிறது என்று அர்த்தம் என்று நான் சொன்னபோது மட்டும், "மீன் குட்டி போடுமா?" என்று கேட்டார். அதன்பின் நான் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் வேலைக்காரப் பெண்மூலம் சேதி வரும், குட்டி போட்டிருக்கிறது, தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம் என்று.

சாமுவேல் சாரிடம் யோசனையைச் சொன்னேன். போய்க் கேளுங்கள், ஆனால் எதற்கென்று மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள் என்றார். மிராசுதார் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்துக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். சிவகாமி வந்தார். அப்போது அவருக்கு ஆறோ ஏழோ மாதம் இருக்கும், வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெற்குத் தெருக் கிணறு, புழு, தூர்க்கிற தீர்மானம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவைக் கேட்க வேண்டும் என்றார். சரிதான், முடிந்தது என்று திரும்பினேன். பின்னாலேயே கூப்பிட்டார்.

"சினையா இருக்குறதப் பாத்து எடுத்துக்குங்க. அதுதானே சீக்கிரம் பெருகும்."

அவரே துணிவலையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏழெட்டுச் சின்னதை மட்டும் விட்டுவிட்டுப் பெரிய மீன்களையெல்லாம் எடுத்துக்கொண்டேன். மாமா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெரிய வீட்டுக் கொல்லையிலிருந்து தெற்குத் தெருவுக்கு வாய்க்கால்கரை வழியாகப் போனால் பக்கம். கேன் குலுங்காதே என்று அந்த வழியாகவே போனேன். யார் எந்த வழியாக வருகிறார்கள் என்று மொத்த ஊரும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள் தெருவே கூடிவிட்டது. பெரிய வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் வருகிறது, கிணற்றில் ஊற்றப் போகிறார்கள். விஷம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இளவட்டங்கள் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னாலேயே வந்த சாமுவேல் சார், கேனை நீங்களே திறந்து பாருங்கள், உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று சொல்லிவிட்டு, கிணற்று நிழலில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்துவிட்டார்.

அஞ்சலையம்மா முன்னால் வந்தார். தெருவில் பிள்ளைப்பேறு பார்ப்பவர் அவர். நடுவயது, குரலே ஒரு கட்டளை மாதிரி இருக்கும். சாமுவேல் சார் அவரை, "வாங்கம்மா, பாருங்க" என்றதும், தன்னைத்தான் சொல்கிறாரா என்ற சந்தேகத்தோடு கேனுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். வந்த அலுப்பிலும் குலுக்கலிலும் ஒரு பெண்மீனுக்கு நேரம் வந்துவிட்டது. இடம் மாற்றும்போது சினை மீன் இப்படிக் குட்டி போடுவது உண்டு. மடங்கியிருந்த குட்டி வெளியே விழுந்ததும் நிமிர்ந்து நீந்த, அடுத்தது, அதற்கடுத்தது என்று வந்துகொண்டிருந்தன. தெருப் பெண்கள் எல்லாரும் கேனைச் சுற்றிக் குனிந்துகொண்டார்கள். தாய் மீன் திரும்பி ஒரு குட்டியைக் கவ்வியது.

"அடி பாவி, பெத்ததையே திங்குதே" என்று அஞ்சலையம்மா கையை விட்டு விலக்கினார். கொஞ்சம் பொறுத்து, "பசியா இருக்கும்" என்றார். அந்தத் தெருவில் அப்போது எத்தனை அடுப்பு எரிந்தது என்று எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

விஷத் தண்ணீரில் எந்தச் சீவனாவது பிள்ளை பெறுமா என்று அவரே தெருவைப் பார்த்துக் கேட்டார். பிறகு, வலியெடுத்து வந்தவளை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிற பழக்கம் நம்மிடம் இல்லை என்றார். அதோடு பேச்சு முடிந்தது. வெற்றிலை மென்று, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றி, கேனை இறக்கிச் சாய்த்தோம். கொஞ்ச நாளைக்கு யாரும் கிணற்றில் சோற்றுப் பருக்கை எதையும் போடக்கூடாது, வேறு தீனி கிடைத்தால் மீன் புழுவைத் தேடாது என்று நான் சொன்னேன். போடுவதற்குப் பருக்கை இருந்தால்தானே என்று ஒருவர் சிரித்தார்.

மீன் தன் வேலையைச் செய்தது. அடுத்தடுத்துப் போய்ப் பார்த்தபோது புழு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பெரிய வீட்டில் தொட்டி ஏறக்குறையக் காலியாகக் கிடப்பது எத்தனை நாள் கண்ணில் படாமலிருக்கும்? மிராசுதார் கேட்டிருக்கிறார். சிவகாமி, நான்தான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைத்தாய்ச்சி மருமகளை என்ன செய்ய முடியும்? கோபம் கிணற்றின் பக்கம் திரும்பியது. என் வீட்டு மீன் என் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று காரியக்காரர் நடேசனுக்கு உத்தரவு போட்டார். மீனை எடுத்துவிட்டால் மறுபடி புழு வரும், சோதனையில் கிணறு தோற்கும். மீன்மேல் ஒன்றும் அவருக்கு அத்தனை ஆசை இல்லை.

நடேசன் வலையும் குடமுமாக வந்தபோது நான் கிணற்றடியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். சாமுவேல் சார் அன்று தஞ்சாவூர் போயிருந்தார். இது அரசாங்க வேலை, தடுக்கக்கூடாது என்றேன். அரசாங்க மீனா, எங்கள் வீட்டு மீனா என்று நடேசன் கேட்டார். மீன் அவர்கள் வீட்டு மீன்தான்.

நின்றிருந்த தெரு ஆட்களைப் பார்த்து, எவனாவது இறங்கிப் பிடிங்கடா என்றார். நாங்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறோம் என்றார்கள். அத்தனை பேர் முகத்திலும் ஒரு சின்ன சந்தோஷம். நடேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கட்டில் காலை வைத்தார். அஞ்சலையம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எதிரில் வந்து நின்றார்.

"எறங்குங்க, தாராளமா எறங்குங்க. நீங்க தலை முழுகிட்டு அந்த வீட்டுப் படி ஏறிடுவீங்க. எங்க தண்ணிய குடிச்சு வளர்ந்த மீனு, அத எதுல தலை முழுக வெச்சு உள்ள கொண்டு போவீங்க?"

நடேசன் ஏறிட்டுப் பார்த்தார்.

"கொண்டு போக வேணாம், கொன்னு போட்டுடலாம்னு நெனைச்சீங்கன்னா, அதுலயும் பாதி சினை மீனு. பெரிய வீட்டு மருமவ முழுகாம இருக்கு. அந்த வீட்டுப் பேரச் சொல்லி இங்க கொல பண்ணிட்டுப் போவீங்களா?"

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் எந்தச் சீவனையும் கொல்லமாட்டார்கள். அந்த வீட்டில் அந்தச் சமயம் கோழிகூட அறுப்பதில்லை என்று ஊருக்கே தெரியும். தெற்குத் தெருத் தண்ணீர் பட்ட எதுவும் நிலைப்படி தாண்டாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும். நடேசன் காலைக் கிணற்றுக்கட்டிலிருந்து எடுத்தார். பிறகு வலையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்கால்கரை வழியாகப் போய்விட்டார். மிராசுதாரும் அதன்பின் ஆள் அனுப்பவில்லை. அனுப்பினால், மீனை வீட்டுக்குள் வைப்பீர்களா என்ற கேள்விக்கு அவரல்லவா பதில் சொல்ல வேண்டும்?

சோதனை நாளில் கரண்டியில் ஒரு புழுகூட இல்லை. தீர்மானம் செல்லாமல் போனது. அந்தக் குறுவை முடிவதற்குள் கூலியிலும் ஏதோ கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். ஆபீஸ் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். சாமுவேல் சாரை அடுத்த மாதமே வேதாரண்யத்துக்கு மாற்றினார்கள். அந்த 'ங்க'வும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அதற்கப்புறம் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தேன், எத்தனையோ கிணற்றில் மீன் விட்டேன். எதிலும் மனசு ஒட்டவில்லை. காரணம், நடேசன் போன பிறகு கிணற்றடியில் நடந்தது.

இளவட்டங்கள் விசிலடித்தார்கள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அஞ்சலையம்மா மட்டும் சிரிக்கவில்லை. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். என்னம்மா ஆயிற்று என்று பக்கத்தில் போனேன்.

"நல்ல தண்ணிங்க இது" என்றார். "கோடையிலயும் இனிக்கும். எங்கப்பன் தோண்டுனது. அதப் போயி தீட்டுத் தண்ணின்னு என் வாயாலயே சொல்லிட்டேன்."